ஆபத்து யாருக்கு, கணக்கு யாரிடம்? வேளாண் பல்கலைக்கழகச் 'சீர்திருத்தங்கள்' பற்றிச் சில குறிப்புகள்

1

'மானிட்டரிங்' என்பதை நம் அரசு அலுவலகங்கள் 'கண்காணிப்பு' என்று எழுதுகின்றன. 'ரிஸ்க்' என்பதை 'இடர்' என்கின்றன. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் சொற்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கண்காணி என்ற சொல்லுக்குத் தமிழ் உழைப்பாளிகளின் நினைவில் வேறொரு முகம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் முகம் அது. ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தவனும் அவன்தான், முன்பணம் கொடுத்துக் கடன்காரனாக்கியவனும் அவன்தான், காலையில் செக்றோலில் பேர் விழச் செய்தவனும் அவன்தான். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று தோட்டத்திலிருந்து அவனுக்குக் காசு உண்டு. தொழிலாளியின் கடன் எழுதிய 'துண்டு' கைக்குக் கை மாறி ஆளையே மாற்றியது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இதை ஏன் இங்கே சொல்ல வேண்டும்? எண்ணுகிறவன் ஒருவன், எண்ணப்படுகிறவன் இன்னொருவன், அந்த எண்ணிக்கை போய்ச் சேருகிற இடம் மூன்றாவது ஒன்று. கண்காணிப்பு என்ற செயலின் அடிப்படை அமைப்பு இதுதான். தோட்டமானாலும் திட்டமானாலும் இது மாறுவதில்லை. எண்ணப்படுகிறவனுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டா என்பது மட்டும்தான் மாறக்கூடியது.

கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாக இந்தியாவின் வேளாண் பல்கலைக்கழகங்கள் ஏதாவது ஒரு சீர்திருத்தத் திட்டத்தின் கீழேயே இருந்து வந்திருக்கின்றன. முதலில் அமெரிக்க உதவி, பிறகு உலக வங்கிக் கடன். ஒவ்வொரு திட்டத்துக்கும் கண்காணிப்பு ஏற்பாடு உண்டு, இடர்ப் பட்டியல் உண்டு. இந்தக் காகிதங்களை நம்மில் யாரும் படிப்பதில்லை. அது பொருளாதாரக்காரர்கள் சமாச்சாரம், நிர்வாகச் சங்கதி என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இலக்கியப் பிரதியை வாசிக்கப் பழகிய கண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது. ஒரு பிரதி எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் பார்க்கப் பழகியிருக்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பலாம்.

2

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1862இல் மோரில் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட்டர், பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் கூட்டரசின் நிலம் கொடுக்கப்படும். அதை விற்ற பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரி நடத்த வேண்டும். 1887இல் ஹாட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்டுவந்தது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணியைச் சேர்த்தது. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் என்று நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லுகிற மும்மை இப்படி உருவானதுதான். 'நிலக்கொடைப் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர்.

கொடை என்றால் கொடுத்தவருடையதாக இருந்திருக்க வேண்டும். யாருடைய நிலம் அது? 'ஹை கண்ட்ரி நியூஸ்' என்ற இதழ் 2020இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, இப்படிக் கைமாறிய நிலம் ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் ஏக்கர் என்றும், அது ஏறக்குறைய 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்றும் துண்டு துண்டாகக் கணக்கெடுத்துக் காட்டியது. ஜனநாயகக் கல்வியின் மகத்தான பரிசோதனை என்று உலகெங்கும் ஏற்றுமதியான ஒன்றின் அடிமண் இது. அந்தப் பரிசோதனையின் ஆபத்து முழுவதையும் சுமந்தவர்கள் அதன் கணக்குப் புத்தகத்துக்குள் வரவேயில்லை. வருவதற்கு 158 ஆண்டுகள் ஆயின.

அந்தப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த மண்ணில் செய்த வேலைக்கும் ஓர் உதாரணம் பார்த்துவிடலாம். கலிபோர்னியாவில் தக்காளி பறிக்க மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் ஏற்பாடு 1964இல் முடிந்தது. அதற்குள் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தக்காளி அறுவடை இயந்திரத்தையும், இயந்திரத்தின் பிடிக்கு நசுங்காத கெட்டித் தோல் தக்காளியையும் தயாராக வைத்திருந்தார்கள். தொழில்நுட்பக் கணக்கில் இது பெரிய வெற்றி. டன் கூடியது, செலவு குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் 4,000 அளவில் இருந்த தக்காளி விவசாயிகள் 1973இல் 600 ஆகச் சுருங்கினார்கள் என்பதும், பல்லாயிரம் கூலிகளுக்கு வேலை போனது என்பதும் வேறு கணக்கு. 1979இல் கிராமப்புற ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பொன்று பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி சிறு விவசாயிக்கு என்ன செய்கிறது என்று பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று 1987இல் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

இந்த வழக்கை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அவர்கள் இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை, ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டது ஒரு கண்காணிப்பு ஏற்பாடு, அவ்வளவுதான்! தணிக்கை, மதிப்பீடு, குறியீட்டெண் என்று சதா பேசுகிற நிறுவனம் அந்த ஒரு கண்காணிப்பை மட்டும் பத்தாண்டுக் காலம் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்று ஜெயித்தது. ஆக, நிறுவனங்களுக்குக் கண்காணிப்பு பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. மேலிருந்து கீழே பார்க்கும் கண் அவர்களுக்கு வேண்டும், கீழிருந்து மேலே பார்க்கும் கண்தான் ஆகாது.

3

இந்தியாவுக்கு வருவோம். 1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. 1955இல் இந்திய-அமெரிக்கக் கூட்டுக்குழு மாநிலங்களில் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமைக்கச் சொன்னது. 1960இல் இரண்டாவது கூட்டுக்குழு. இல்லினாய், ஓஹையோ, கேன்சஸ், மிசௌரி, டென்னஸி ஆகிய மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டன. தென்பகுதி டென்னஸிக்கு. நம் சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கி 1906இல் கோவைக்குப் போன பழைய விவசாயப் பள்ளி, இந்த அலை வீசி முடியும் தறுவாயில், 1971 ஜூனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

முதல் பிள்ளை பந்த்நகர். அன்றைய உத்தரப்பிரதேசத்தின் தராய்ப் பகுதி, இமயத்தின் அடிவாரம். மலேரியாக் காடு என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் தாருக்களும் புக்ஸாக்களும் வாழ்ந்து வந்தார்கள். சுதந்திரத்தையொட்டிக் காடு அழிக்கப்பட்டு, டி.டி.டி. அடிக்கப்பட்டு, பிரிவினை அகதிகளும் பிறரும் குடியேற்றப்பட்டார்கள். நாளடைவில் நிலம் பெரிய பண்ணைகளாகத் திரண்டது, பழங்குடிகள் கையிலிருந்தது நழுவிக்கொண்டே போனது. ஏறத்தாழ 16,000 ஏக்கர் அரசுப் பண்ணை ஒன்று அங்கே இருந்தது. அதன் மீதுதான் பல்கலைக்கழகம் எழுந்தது. இல்லினாய்க்காரர்கள் வரைபடம் கொடுத்தார்கள். 1960 நவம்பர் 17இல் நேரு திறந்து வைத்தார். அமெரிக்காவின் மூல மாதிரியை இவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றிய இடம் வேறில்லை, நிலம் வந்த வழி உட்பட!

குட்டை ரகக் கோதுமை வந்ததும் பந்த்நகர் விதைக் களஞ்சியமாயிற்று. 1969இல் உலக வங்கி தராய் விதைத் திட்டத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. பல்கலைக்கழகமும் பெரும் விவசாயிகளும் பங்காளிகளாகத் தராய் வளர்ச்சிக் கழகம் உருவானது. 'பந்த்நகர் விதை' என்றாலே வட இந்தியச் சந்தையில் மரியாதை. எந்தக் குறியீட்டெண்ணை வைத்து அளந்தாலும் வெற்றி.

4

இதே காலத்தில்தான் அளக்கும் கருவியும் பிறந்தது. 1969-70 வாக்கில் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் 'லாஜிக்கல் ஃப்ரேம்வொர்க்' என்ற கட்டத்தை வடிவமைத்துக் கொடுத்தது. சுருக்கமாக லாக்ஃப்ரேம். நாலு வரிசை, நாலு பத்தி. உள்ளிடு, வெளிப்பாடு, நோக்கம், இலக்கு என்று கீழிருந்து மேலாக வரிசைகள். என்ன செய்யப் போகிறோம், அதை எந்த எண்ணால் அறிவோம், அந்த எண்ணை எங்கிருந்து எடுப்போம் என்று முதல் மூன்று பத்திகள். நாலாவது பத்திக்குப் பெயர் 'அனுமானங்கள்'. திட்டத்தின் கைக்கு வெளியே இருப்பவை, ஆனால் சரியாக நடந்தால்தான் திட்டம் ஜெயிக்கும் என்பவை அங்கே போகும். மழை பெய்யும். அரசு பணம் ஒதுக்கும். விலை விழாது. 1970இல் உலக வங்கியும் மதிப்பீட்டுக்கென்று தனிப்பிரிவு தொடங்கியது.

கெட்டிக்காரத்தனமான கட்டம்தான், மறுக்கவில்லை. சிந்தனையை ஒழுங்குபடுத்தும். ஆனால் அந்த நாலாவது பத்தியைப் பாருங்கள். ஒரு விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கையில் எதெல்லாம் உயிர்ப் பிரச்சினையோ அதெல்லாம் அங்கே 'புறக்காரணி' ஆகி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மழை பொய்த்தால் குடியானவனுக்குப் போவது வாழ்க்கை. திட்டத்துக்கோ 'அனுமானம் பலிக்கவில்லை', அவ்வளவுதான். அடுத்த அறிக்கையில் ஒரு வரி. இந்தத் திட்டச் சொல்லாடலில் 'இடர்' என்பது எப்போதுமே திட்டத்துக்கு வரக்கூடிய இடர். திட்டத்தால் மற்றவர்களுக்கு வரக்கூடிய இடருக்கு அந்தக் கட்டத்தில் பத்தியே கிடையாது.

நம் தஞ்சாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் அறிவிக்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களில் அது ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் ஆலோசனையும். அந்தத் திட்டத்துக்கென்று தனி மதிப்பீட்டுக் குழுவே இருந்தது, தொடர்ச்சியாக அறிக்கை போட்டது. உரம் எவ்வளவு போனது, விளைச்சல் எவ்வளவு கூடியது எல்லாம் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டதும் சங்கம் வைத்ததும் பின்னணி. மறு ஆண்டு, 1969இல், விவசாயப் பகுதிகளில் நிலவும் பதற்றத்தின் காரணங்கள் குறித்து மத்திய அரசிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. புதிய விவசாயத்தின் லாபம் சமமாகப் பங்கிடப்படாததை அது பேசியது. அதை எழுதியது எந்த அமைச்சகம் தெரியுமா? விவசாய அமைச்சகமில்லை, உள்துறை அமைச்சகம்.

விளைச்சலைக் கண்காணிப்பது விவசாயத் துறை. விளைவித்தவனைக் கண்காணிப்பது போலீஸ் துறை. பசுமைப் புரட்சியின் கண்காணிப்பு ஏற்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

5

1978 ஏப்ரல் 13. பந்த்நகர்ப் பண்ணையில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்தும் அண்டை பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். ஆராய்ச்சி வயலில் நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் பேர்பெற்ற அந்த விதையை மூட்டையில் கட்டியவர்களும் அவர்கள்தான். பணிநிரந்தரமும் கூலியும் கேட்டுச் சங்கம் வைத்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். அன்று கூடியவர்கள் மீது பி.ஏ.சி. என்னும் மாநில ஆயுதப் போலீஸ் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள்? அரசுக் கணக்கு பத்தைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுகொண்டது. தொழிலாளர் தரப்புக் கணக்கு அதைப்போல் பல மடங்கு. அன்றைக்கு லக்னோவிலும் தில்லியிலும் ஆண்டது எமர்ஜென்சியை எதிர்த்து ஜெயித்து வந்த ஜனதா ஆட்சி என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகம். ஒரு கிலோ விதையின் முளைப்புத்திறனைச் சதவீதத்தில் சொல்லக்கூடிய இடம். அங்கே செத்தவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்பும் உடன்பட முடியவில்லை. கணக்கிடும் திறமை இல்லாமலா? வயலுக்கு இத்தனை மூட்டை என்று கணக்கு வைத்தவர்களுக்கு ஆள் கணக்கு தெரியாதா? எண்ணிக்கை என்பது நடுநிலையான செயல் அல்ல என்று நாம் தத்துவமாகப் பேசுவதற்குப் பந்த்நகர் ரத்தமும் சதையுமான நிரூபணம்.

'இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, பல்கலைக்கழகச் சீர்திருத்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற மும்மைக்குள் உழைப்பு என்ற நாலாவதற்கு இடமே கொடுக்கப்படவில்லை. பல்கலைக்கழகம் மாணவனை எண்ணியது, ஆய்வுக் கட்டுரையை எண்ணியது, விதை மூட்டையை எண்ணியது. பதினாறாயிரம் ஏக்கரில் மண்ணைக் கிளறிய ஆட்கள் வெறும் 'உள்ளிடு' ஆனார்கள். உள்ளிடு பேசத் தொடங்கினால் அது இடர் ஆகிவிடுகிறது. இடர் என்றால் அதை நிர்வகிக்க வேண்டும். பி.ஏ.சி. அன்று செய்தது அந்த நிர்வாகத்தைத்தான்.

6

இது பழைய கதை, அப்புறம் எல்லாம் மாறிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். மாறியது உண்மைதான். எப்படி மாறியது என்று பார்ப்போம்.

1992இல் உலக வங்கியே தன் உள்வீட்டை ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரித்தது. வாப்பன்ஹான்ஸ் அறிக்கை என்று பெயர். 1991இல் மதிப்பிடப்பட்ட திட்டங்களில் 37.5 சதவீதம் திருப்திகரமில்லை என்றது. கடனை ஒப்புதல் செய்வதில் இருக்கும் ஆர்வம் நிறைவேற்றுவதில் இல்லை, வங்கிக்குள் 'ஒப்புதல் கலாச்சாரம்' நிலவுகிறது என்று ஒப்புக்கொண்டது. நர்மதை மக்கள் வங்கியைச் சந்திக்கு இழுத்திருந்த ஆண்டு அது. மோர்ஸ் குழு அறிக்கையும் அதே ஆண்டுதான். கண்காணிப்பும் இடர் மதிப்பீடும் இதற்குப் பிறகு மேலும் மேலும் கெட்டிப்பட்டன.

1995இல் வேளாண் மனிதவள மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஆந்திரா, ஹரியானா, தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் வேளாண் கல்விக்கு ஏறக்குறைய 6 கோடி டாலர். பாடத்திட்டம் திருத்துதல், ஆசிரியர் பயிற்சி, தர அங்கீகாரம். அதன்பின் 1998இல் தேசிய வேளாண் தொழில்நுட்பத் திட்டம், 2006இல் தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டம். 2017இல் தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டம். அதன் மொத்தம் 1,100 கோடி ரூபாய், வங்கிக்குப் பாதி அரசுக்குப் பாதி. குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர் விகிதம், வேலை கிடைத்தவர் விகிதம், ஆசிரியரின் ஆய்வுத்திறன், பல்கலைக்கழகம் தானே ஈட்டிய வருமானம் என்று அளவுகோல்கள். உரமும் விளைச்சலும் இருந்த இடத்தில் இப்போது மாணவனும் ஆசிரியரும். இதை ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடாது. தான் படித்த துறையிலேயே வேலைக்குச் சேர்ந்து தன் ஆசிரியருக்கே சக ஆசிரியராகி ஓய்வுபெறும் உள்வட்டக் கலாச்சாரம் நம் பல்கலைக்கழகங்களின் தீராத நோய். இருபது வருஷம் மாறாத பாடப்புத்தகமும் அப்படித்தான். வெளியிலிருந்து ஒரு கண் வந்து கேட்டபோதுதான் சிலது அசைந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கேள்வி வேறு. 'பல்கலைக்கழகம் தானே ஈட்டிய வருமானம்' கூடினால் வெற்றி என்கிறது அளவுகோல். வருமானம் எங்கிருந்து வரும்? கட்டணத்திலிருந்து, விதை விற்பனையிலிருந்து, கம்பெனிகள் கொடுக்கும் சோதனைக் காசிலிருந்து. மானாவாரிக் கேழ்வரகு விதைக்கிறவன் எந்தக் காசைக் கொண்டுவந்து கொடுப்பான்? அளவுகோல் ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் விலக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. பல்கலைக்கழகம்தான் மெல்ல மெல்லக் காசு இருக்கும் திசைக்குத் திரும்பிக்கொள்கிறது. கண்காணிப்பின் அதிகாரம் இப்படித்தான் வேலை செய்யும். தடுப்பது அதற்கு முக்கியமில்லை, எண்ணப்படும் பக்கமாக எல்லோரையும் சாய வைத்துவிட்டால் போதும்.

இடரின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2014இல் வங்கி ஒரு புதிய இடர் மதிப்பீட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. ஒன்பது இனங்கள்: அரசியலும் ஆளுகையும், பேரளவுப் பொருளாதாரம், துறைக் கொள்கை, தொழில்நுட்ப வடிவமைப்பு, நிறுவனத் திறன், பணப் பொறுப்பு, சுற்றுச்சூழலும் சமூகமும், பங்குதாரர்கள், மற்றவை. ஒவ்வொன்றுக்கும் அதிகம், கணிசம், மிதம், குறைவு என்று ஒரு மதிப்பு. 'சுற்றுச்சூழலும் சமூகமும்' என்ற இனத்தில் திட்டத்தால் மக்களுக்கு வரும் கேடும் ஓரளவு பேசப்படுகிறது. நர்மதையிலிருந்து தொடங்கிய போராட்டங்கள் வாங்கிக் கொடுத்தது அது. ஆனால் 'பங்குதாரர்' இனத்தைப் பாருங்கள். பங்குதாரர்களின் எதிர்ப்பால் திட்டத்தின் நோக்கம் தடைபடுவதற்கான வாய்ப்பு என்பதே அதன் பொருள். அதாவது, ஆபத்தைச் சுமக்கிறவன் வாய் திறந்தால் அவனே ஆபத்து. பந்த்நகரில் துப்பாக்கி சொன்னதை இந்தக் கட்டம் மரியாதையான மொழியில் சொல்கிறது. துப்பாக்கியையும் கட்டத்தையும் நான் ஒன்றாக்கவில்லை. இரண்டுக்கும் இடையே உயிர் போகிற வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பார்வை எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் வித்தியாசமில்லை.

7

தமிழ்நாட்டில் இதன் சுவடு எங்கே என்று கேட்டால் 2009ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டம் சட்டசபையில் பெரிய விவாதம் ஏதுமில்லாமல் நிறைவேறியது. வேளாண் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்தான் விவசாய ஆலோசனை சொல்லலாம், மற்றவர் சொன்னால் தண்டனை. பத்தாயிரம் வருஷமாகப் பயிர் வைக்கிறவனுக்குப் பக்கத்து வயல்காரன் யோசனை சொல்ல லைசன்ஸ்! இயற்கை விவசாயிகளும் அமைப்புகளும் கொதித்தெழ, அரசு பின்வாங்கியது. சட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர் நம்மாழ்வார். அவரே வேளாண் பட்டதாரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1960களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மானாவாரிக் கரிசல் விவசாயிக்குக் கட்டுப்படியாகாத உரத்தையும் இடுபொருளையும் வைத்துச் சோதனை நடத்துவதில் அர்த்தமில்லை என்று சொல்லிப் பார்த்து, பலிக்காமல் 1969இல் வெளியேறினார். ஆராய்ச்சி நிலையத்தின் கோப்பில் அது ஓர் ஊழியர் விலகல். அவர் எழுப்பிய கேள்வியைப் பதிவதற்கு அங்கே பத்தி இல்லை. நாற்பது வருஷம் கழித்து அதே கேள்வி தெருவில் வந்து நின்றபோது, பட்டமில்லாத வாயை மூடச் சட்டம் தேவைப்பட்டது.

பி.டி. கத்தரிக்காயும் இதே வரிசைதான். அமெரிக்க உதவி நிறுவனப் பணத்தில், கார்னெல் பல்கலைக்கழகம் முன்நின்ற திட்டத்தில், மஹிகோ கம்பெனியின் மரபணு கோவைக்கும் தார்வாட்டுக்கும் வந்தது. நம் வட்டார ரகங்களில் ஏற்றப்பட்டது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. நிபுணர் கண்காணிப்பின் எல்லாப் படிகளையும் தாண்டியாயிற்று. பிறகு அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொது விசாரணை நடத்தினார். ஏழில் ஒன்றும் தமிழ்நாட்டில் இல்லை என்பது ஒரு பக்கம். ஆனால் அந்தக் கூட்டங்களில் விவசாயிகளும் பெண்களும் நுகர்வோரும் எழுந்து பேசினார்கள், கத்தினார்கள், விஞ்ஞானிகளும் அவர்களோடு வரிசையில் நின்று பேச வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரி 9இல் தடை வந்தது. தடை சரியா தப்பா என்று வாதம் நடக்கட்டும். கணக்கு ஒருமுறையாவது கீழே வந்து ஒப்புவிக்கப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம்.

8

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா? இந்தக் கேள்வியை நம் தோழர்கள் சிலர் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். கண்காணிப்பு என்றாலே அதிகாரம், அதிகாரம் என்றாலே எதிர்ப்பு, முடிந்தது கதை. இது துணைவேந்தர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மிகவும் வசதியான தத்துவம். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். கட்டடம் எழும்பி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் யாராவது கேட்க வேண்டும். நமக்கு வேண்டியது கண்காணிப்பை ஒழிப்பதல்ல, அதன் திசையை மாற்றுவது.

இதற்கு நம் நாட்டிலேயே மரபு இருக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் முதல் 'ஜன் சுன்வாய்', மக்கள் விசாரணை நடத்தியது. வேலைக்கு வந்தவர் பட்டியலை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார்கள். வராதவன் பேரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. கங்காணியின் செக்றோலைக் கூலியாள் வாங்கிப் படித்த தருணம் என்று அதைச் சொல்லலாம். அங்கிருந்து கிளைத்ததுதான் தகவல் உரிமை இயக்கம். 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், அதன் 17ஆம் பிரிவில், கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டமாகவே எழுதி வைத்தது.

ஒரு குளக்கரைக்கு மண் போட்டால் அந்தக் கணக்கை ஊர் கூடிக் கேட்கலாம் என்று சட்டம் எழுதிய நாட்டில், ஊரின் விதையையும் மண்ணையும் தீர்மானிக்கும் பல்கலைக்கழகத்தின் கணக்கை ஊர் கேட்க வழியில்லை. இந்த முரண் நம் கண்ணில் உறுத்த வேண்டும். வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் சில மாதம் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். முடிவில் அவர்களுக்கு மதிப்பெண் போடுவது பேராசிரியர். தங்கிய ஊர் அவர்களுக்கு என்ன மதிப்பெண் போடும்? அந்த ஊரின் விவசாயக் கூலிப் பெண்கள், தங்கள் ஊரில் அடுத்து எதை ஆராய வேண்டும் என்று சொல்ல ஒரு பிற்பகல் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? ஆராய்ச்சி நிலையப் பண்ணையின் தினக்கூலிப் பட்டியலை அந்த ஊர் கிராம சபையில் வாசித்தால் என்ன?

இதெல்லாம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றில்லை. கிராம சபை என்பதும் சாதி உட்கார்ந்திருக்கும் இடம்தான். யார் எழுந்து பேச முடியும், யார் பேசினால் மறுநாள் வேலை கிடைக்காது என்பது நமக்குத் தெரியாததல்ல. கீழிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்குள்ளும் மேலும் கீழும் உண்டு. சமூகத் தணிக்கை நடந்த ஊர்களிலேயே கணக்குக் கேட்டவன் அடிபட்ட சம்பவங்கள் உண்டு. ஆனாலும், அறிக்கையைத் தில்லிக்கும் வாஷிங்டனுக்கும் அனுப்பும் கண்காணிப்பைவிட, அறிக்கையைப் பண்ணை வேலியோரம் நின்று படிக்க வேண்டிய கண்காணிப்பு கொஞ்சம் கூடுதலாகப் பயப்படும். அந்தப் பயம்தான் வேண்டும்.

அடுத்த கடன் வரும், அடுத்த சீர்திருத்தமும் வரும். நாடு முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் அதற்கான கட்டங்களை நிரப்பிக்கொடுக்கும். அந்தக் காகிதங்கள் ரகசியமில்லை, பெரும்பாலும் பொதுவில் கிடைப்பவைதான். அவற்றில் 'இடர்' என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'யாருக்கு' என்று பென்சிலால் எழுதிக்கொண்டு படிக்க ஆரம்பிப்போம். பிறகு அதைத் தமிழில் பெயர்த்து, அந்தப் பண்ணைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் வாசித்துக் காட்டுவோம். எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. பந்த்நகரின் கணக்கு இன்னும் முடியவில்லை.